காகிதமா, கண்ணாடியா?

ஈக்காட்டுத்தாங்கலில் என் தமக்கையின் குமாரன் ஒருவன் இருக்கிறான். கெட்டிக்காரன். கிண்டியில் நல்ல உத்தியோகம். ஒரு காமிரா வாங்க வேண்டும் என்று அவன் தீர்மானம் செய்து பல வருஷங்கள் ஆகின்றன. இன்னும் வாங்கின பாடில்லை. பணம் இல்லாமல் இல்லை. எந்தக் காமிரா நல்லது என்று தெரியாமலும் இல்லை. அந்த விஷயத்தில் அவனை நடமாடும் கலைக்களஞ்சியம் என்றே சொல்லிவிடலாம். அவ்வளவு தெரிந்துவிட்டதுதான் தொல்லையாகப் போயிற்று. "இப்போது இருப்பதை வாங்கினால் முட்டாள்தனம், மாமா! ஆறு மாதத்தில் அடுத்த மாடல் வருகிறதாம்" என்பான். ஆறு மாதம் கழித்துப் போனால் அடுத்த மாடல் வந்திருக்கும். ஆனால் அதற்கும் அடுத்த மாடலைப் பற்றிய வதந்தியும் கூடவே வந்திருக்கும்.

அவன் காமிரா வாங்க நினைத்ததற்கு ஒரு காரணம் உண்டு. அதைச் சொல்வதற்கு முன்னால் அந்தப் பேட்டையைப் பற்றி ஒரு வார்த்தை. தாங்கல் என்றால் மழைத் தண்ணீரைத் தாங்கி நிற்கும் சிறிய ஏரி. வேடந்தாங்கல், பழவந்தாங்கல் என்று நம் பக்கத்து ஊர்ப் பெயர்களிலெல்லாம் தண்ணீர் தேங்கிக் கிடக்கிறது. இன்றைக்கு ஈக்காட்டுத்தாங்கலுக்குப் போகிறவர்களுக்குத் தலைக்கு மேலே ஓடும் மெட்ரோ ரயிலும், அடுக்கு மாடி வீடுகளும், பக்கத்தில் கிண்டித் தொழிற்பேட்டையும் கண்ணில் படுமே தவிர, ஏரியின் ஞாபகம் வராது. மெட்ரோ ரயில் வந்தது 2015-ஆம் வருஷம் ஜூன் மாதம். அதே வருஷம் டிசம்பரில் அடையாறு கரை புரண்டபோது, தண்ணீர் தன் பழைய விலாசத்தை விசாரித்துக்கொண்டு வீடு வீடாக ஏறி வந்தது.

என் தமக்கையின் வீடு கீழ்த்தளத்தில். வெள்ளம் வடிந்த பிறகு அரிசி, பருப்பு, மெத்தை எல்லாவற்றையும் தூக்கி எறிந்தாள். அவற்றுக்காக அவள் கண் கலங்கவில்லை. அலமாரியின் கீழ்த்தட்டிலே இருந்த கல்யாண ஆல்பத்தை எடுத்தபோதுதான் தரையிலே உட்கார்ந்துவிட்டாள். பக்கங்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக் கிடந்தன. எங்கள் தகப்பனார் மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் படத்தில் மாப்பிள்ளை மட்டும் பாக்கி. பிழைத்த படங்களைப் பதமாக உலர்த்தி எடுத்தார்கள். அவற்றை உயர்ந்த காமிராவினால் படம் பிடித்துப் பத்திரப்படுத்த வேண்டும் என்றுதான் பையன் தீர்மானம் செய்தான். "கையில் இருக்கிற போனிலேயே எடுத்துவிடேன், அப்பா!" என்றாள் தமக்கை. "போனில் எடுத்தால் நுணுக்கம் வராது, அம்மா. ஒரே தடவை எடுப்பதைச் சரியாக எடுக்க வேண்டாமா?" என்றான் அவன். நியாயமான பேச்சுத்தான். ஆனால் ஈரம் பட்ட படத்தில் பூஞ்சைக் காளான் பிடித்தால், அது அடுத்த மாடலுக்காகக் காத்திருப்பதில்லை. ஒரு மழைக்காலத்துக்கு ஒரு முகம் என்ற கணக்கில் அது பாட்டுக்குத் தின்றுகொண்டே போகிறது.

இந்த வியாதி இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் வந்தது என்று சிலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. நூற்று எழுபது வருஷங்களுக்கு முன்னால், இதே சென்னைப் பட்டணத்தில், இதே தர்மசங்கடம் ஒரு பட்டாளத்து உத்தியோகஸ்தருக்கு ஏற்பட்டது. அவர் என்ன செய்தார் என்ற கதைக்குள்ளே நம்முடைய தஞ்சாவூரும் மதுரையும் அகப்பட்டுக்கொண்டிருக்கின்றன. ஆகையால் அதைச் சற்று விஸ்தாரமாகவே சொல்லலாம் என்று இருக்கிறேன்.

புகைப்படக் கலை பிறந்த புதிதில் அதுவும் மாடலுக்கு மேல் மாடலாகத்தான் வந்தது. 1839-இல் பாரிஸில் தாகேர் என்பவரின் முறை வெளியாயிற்று. வெள்ளி பூசிய செப்புத் தகட்டின் மேல் படம் விழும். கண்ணைப் பறிக்கும் தெளிவு. ஆனால் ஒரு தகட்டுக்கு ஒரே படம், பிரதி எடுக்க வழியில்லை. 1841-இல் இங்கிலாந்தில் டால்பட் என்ற கனவான் காகித முறைக்கு உரிமைப் பட்டயம் வாங்கினார். ஒரு காகிதத்தில் வெளிச்சம் இருட்டாகவும், இருட்டு வெளிச்சமாகவும் மாறிப் படம் விழும். அதிலிருந்து எத்தனை பிரதி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். நெகடிவ் என்று நாம் பின்னால் அறிந்துகொண்ட சமாசாரம் அதுதான். ஆனால் காகிதத்தின் நார் படத்திலே தெரியும். மயிரிழைத் தெளிவு இராது. 1851-இல் பிரடெரிக் ஸ்காட் ஆர்ச்சர் என்பவர் காகிதத்துக்குப் பதிலாகக் கண்ணாடியைப் போட்டார். தகட்டின் தெளிவும் காகிதத்தின் பிரதி எடுக்கும் வசதியும் ஒன்று சேர்ந்துவிட்டன. படம் எடுக்கும் நேரமும் வெகுவாகக் குறைந்தது. ஆர்ச்சர் அதற்குப் பட்டயம் வாங்காமல் உலகத்துக்கு இனாமாகக் கொடுத்துவிட்டு, 1857-இல் ஏழையாக இறந்து போனார். கண்டுபிடிப்பவர் ஒருவர், காசு பார்ப்பவர் வேறொருவர் என்பது அன்றைக்கே ஏற்பட்டுவிட்ட சம்பிரதாயம்.

ஆக, 12 வருஷத்தில் மூன்று மாடல். கண்ணாடி வந்தபின் லண்டனிலும் பாரிஸிலும் காகிதத்தின் காலம் முடிந்துவிட்டதென்றே விஷயம் அறிந்தவர்கள் பேசிக்கொண்டார்கள்.

சென்னை இதில் ஒன்றும் பின்தங்கி இருக்கவில்லை. அலெக்சாண்டர் ஹன்டர் என்ற டாக்டர் 1850-இல் இங்கே ஒரு கலைப்பள்ளியைத் தொடங்கியிருந்தார். இன்றைக்கு எழும்பூரில் இருக்கும் அரசினர் கவின்கலைக் கல்லூரியின் பூர்வாசிரமம் அதுதான். அவருடைய முயற்சியால் 1856-இல் சென்னைப் புகைப்படச் சங்கம் ஏற்பட்டது. வால்டர் எலியட் அதன் தலைவர். கலைப்பள்ளியிலே நம்மவர்களும் இந்த வித்தையைக் கற்றார்கள். அவர்களில் ஐயாசாமி என்பவரின் பெயர் மகாபலிபுரம், நீலகிரிப் படங்களோடு சேர்ந்து இன்றும் நிற்கிறது. அவரைப் பற்றித் தனியாகவே ஒரு நாவல் எழுதலாம், ஆசை இருக்கிறது.

நம் கதாநாயகர் லின்னேயஸ் டிரைப். 1822-இல் இங்கிலாந்தின் துறைமுக ஊராகிய டெவன்போர்ட்டில் பிறந்தவர். மீசை முளைக்கும் பருவத்திலேயே கும்பினியாரின் சென்னைப் பட்டாளத்தில் சேர்ந்தார். 1850-களின் தொடக்கத்தில் விடுமுறையில் ஊருக்குப் போனவர், அங்கே புகைப்படப் பைத்தியம் பிடித்துத் திரும்பினார். 1854 கடைசியில் பேளூர், ஹளேபீடு கோயில்களைப் படம் பிடித்தார். மறு வருஷம் சென்னையில் நடந்த பொருட்காட்சியில் அந்தப் படங்களுக்குப் பரிசு கிடைத்தது. 1856-இல் சென்னை சர்க்கார் அவரைத் தங்கள் அதிகாரபூர்வமான புகைப்படக்காரராக நியமித்தார்கள். கோயில்களையும் சிற்பங்களையும் வரைய ஓவியர்களை அனுப்புவதைவிடப் படம் பிடித்துவிடுவது மலிவு என்று லண்டனிலிருந்த கும்பினி டைரக்டர்களுக்குத் தோன்றியிருந்தது. மலிவு என்ற இந்த வார்த்தையை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் வேலை இருக்கிறது.

டிரைப் எடுத்துக்கொண்டது பெரும்பாலும் பழைய மாடல்தான். மெழுகு ஊட்டிய காகிதம். கண்ணாடி முறை அவருக்குத் தெரியாததல்ல. சில வேலைகளுக்கு அதையும் கையாண்டிருக்கிறார். ஆனால் தமிழ்நாட்டைச் சுற்றிப் படம் பிடிக்கக் கிளம்பியபோது அவர் நம்பியது காகிதத்தை. அடுத்த மாடல் கடையிலே இருக்கும்போதே ஒருவர் பழைய மாடலைக் கையில் எடுத்தார் என்றால், அதற்குக் காரணம் இருக்க வேண்டும் அல்லவா?

கண்ணாடி முறையில் வேலை எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். ஈதரும் சாராயமும் கலந்த திராவகத்தில் ஒரு வகை வெடிப்பஞ்சைக் கரைத்து, பாகு மாதிரி ஆக்கி, அதைக் கண்ணாடியின் மேல் ஒரே சீராக ஊற்ற வேண்டும். பிறகு இருட்டறையில் வெள்ளி உப்புக் கரைசலிலே முக்க வேண்டும். ஈரம் சொட்டச் சொட்டக் காமிராவுக்குள் வைத்துப் படம் பிடித்து, மறுபடியும் இருட்டறைக்கு ஓடி, அந்த ஈரம் காய்வதற்குள் மருந்திட்டுக் கழுவி முடிக்க வேண்டும். குளிர்ந்த தேசமாகிய இங்கிலாந்திலேயே இதற்குக் கிடைக்கும் அவகாசம் பத்து அல்லது பதினைந்து நிமிஷம். ஈதர் 35 டிகிரிச் சூட்டிலேயே கொதித்து ஆவியாகிவிடும் வஸ்து. பங்குனி மாதத்துத் திருச்சிராப்பள்ளியை நினைத்துப் பாருங்கள்! மலைக்கோட்டை அடிவாரத்தில் மத்தியான வெயிலில் கறுப்புக் கூடாரத்துக்குள் ஈதர் புட்டியோடு உட்கார்ந்திருக்கும் மனிதர், படத்தையா பிடிப்பார்? படுக்கையைப் பிடிப்பார். இது போதாதென்று, போகும் இடமெல்லாம் நல்ல தண்ணீர் வேண்டும்; கண்ணாடிப் பெட்டிகளைக் குண்டும் குழியுமான பாதையில் மாட்டு வண்டியிலே உடையாமல் கொண்டுபோக வேண்டும்.

காகிதமோ சாது. நாலு நாள் முன்னதாகவே தயார் செய்து பெட்டியில் அடுக்கிக்கொள்ளலாம். உலர்ந்தபடியே காமிராவில் வைக்கலாம். எடுத்த படத்தை முகாமுக்குத் திரும்பிய பிறகு, இராத்திரிக் குளிர்ச்சியில் நிதானமாகக் கழுவலாம். விழுந்தால் உடையாது. இதற்குக் கொடுக்க வேண்டிய விலை இரண்டு. ஒன்று, மயிரிழைத் தெளிவு வராது. இரண்டு, படம் பதிய நெடுநேரம் பிடிக்கும். அதனாலேதான் அந்தக் காலத்துக் கோயில் படங்களில் பிராகாரம் எல்லாம் ஜன சூனியமாக இருக்கிறது. ஜனங்கள் வந்தும் போயும் இருந்திருப்பார்கள். நிற்காமல் நடந்தவர்களைக் காகிதம் கண்டுகொள்ளவில்லை. வானத்திலும் கறை கறையாக விழுந்து தொலைக்கும். டிரைப் அதற்கும் ஒரு உபாயம் செய்தார். நெகடிவின் மேல் தம் கையாலேயே மை தீட்டி மேகங்களை வரைந்துவிட்டார்! அவருடைய படங்கள் சிலவற்றில் அழகாகப் பஞ்சுப் பொதி போல் மிதக்கும் மேகங்கள் ஆண்டவன் சிருஷ்டி அல்ல, காப்டன் டிரைப்பின் சிருஷ்டி. புகைப்படம் பொய் சொல்லாது என்று சொல்பவர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

இன்னொரு விவரம். அப்போது படத்தைப் பெரிதாக்கும் வசதி கிடையாது. நெகடிவ் என்ன அளவோ அதே அளவுதான் படம். பெரிய படம் வேண்டுமானால் பெரிய காமிராவைத்தான் தூக்க வேண்டும். டிரைப்பின் நெகடிவ் ஏறக்குறைய 12 அங்குலத்துக்கு 15 அங்குலம். அந்தக் காமிராவை ஒரு பெட்டி என்று சொல்வது மரியாதைக்காக. சிறு பிள்ளை ஒன்று உள்ளே உட்கார்ந்து கொள்ளலாம்.

சென்னை சர்க்காரின் உத்தியோகம் கிடைப்பதற்கு முந்தின வருஷம், 1855-இல், டிரைப் பர்மாவுக்குப் போய் வந்தார். பர்மா மன்னர் மிண்டோனுடைய சபைக்கு கவர்னர் ஜெனரல் டல்ஹௌஸி ஒரு தூது கோஷ்டியை அனுப்பினார். ஆர்தர் பேயர் தலைவர். பிற்பாடு புகழ் பெற்ற ஹென்றி யூல் காரியதரிசி. டிரைப் படம் பிடிப்பவர். ஐராவதியின் வழியே தலைநகராகிய அமரபுரத்துக்குப் போனார்கள். மழையும் மூட்டமும் நோயுமாகப் பல நாள் வீணாயிற்று. மிச்சம் கிடைத்த நாட்களில் டிரைப் இருநூறுக்கு மேற்பட்ட நெகடிவ்களைச் சேர்த்துவிட்டார். பெங்களூருக்குத் திரும்பி அவற்றில் 120-ஐப் பொறுக்கி, ஐம்பது தொகுதிகள் தயார் செய்தார். கணக்குப் போட்டுப் பார்த்தால் ஆறாயிரம் படங்கள். ஒவ்வொன்றும் வெயிலிலே வைத்துக் கையால் எடுத்த பிரதி.

அந்தப் பயணத்தில் வானம் தெளியட்டும், கோடையில் வரலாம், கண்ணாடி முறை கைக்குப் பழகட்டும், பிறகு வரலாம் என்று அவர் திரும்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? 1857-இல் மிண்டோன் மன்னர் மண்டலையில் புதுத் தலைநகரத்துக்கு அஸ்திவாரம் போட்டார். அமரபுரத்து அரண்மனையைப் பிரித்து, யானைகளைக் கொண்டு இழுத்துப்போய்ப் புது ஊரில் நிறுத்தினார்கள். ஜனங்களும் கிளம்பிவிட்டார்கள். டிரைப் கண்ட தலைநகரம் நாலைந்து வருஷத்துக்குள் தலைநகரமாக இல்லை. இரண்டாம் தரமான வானத்தின் கீழே, இரண்டாம் தரமான காகிதத்தில் விழுந்த அமரபுரந்தான் நமக்கு மிஞ்சியது. அதன் மேகம் பொய், அரண்மனை மெய்.

இனி நம் ஊருக்கு வருவோம். 1857-ஆம் வருஷம் வடக்கே சிப்பாய்களின் கலகம் பற்றி எரிந்துகொண்டிருந்தபோது, அதே டிசம்பர் மாதத்தில், பெங்களூரிலிருந்து மாட்டு வண்டிகள் புறப்பட்டன. ராயக்கோட்டை, சேலம் ஜில்லா, திருச்சிராப்பள்ளி, ஸ்ரீரங்கம், புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர், திருவையாறு என்று சுற்றி, கோடைக்குள் சென்னை வந்து சேர்ந்தார்கள். ஏறக்குறைய நாலரை மாதம். காவேரிக் கரைக் கோயில்களில் பலவற்றை முதன் முதலாகப் படம் என்ற ரூபத்தில் பிடித்தது அந்த வண்டிகள்தான் என்று சொன்னால் தப்பில்லை.

மதுரையில் திருமலை நாயக்கர் மகாலை அவர் எடுத்த படங்களைப் பார்த்தால் இன்றைய மதுரைக்காரர்களுக்குத் திக்கென்றிருக்கும். பாழடைந்து, இடிந்து, தூண்கள் மட்டும் மகாபாரதத்துப் பீஷ்மர் மாதிரி விழாமல் நிற்கின்றன. பத்து வருஷம் கழித்து லார்ட் நேப்பியர் கவர்னராக வந்த பிறகே அதைப் பழுது பார்க்க ஆரம்பித்தார்கள். நாம் இன்று டிக்கெட் வாங்கிக்கொண்டு பார்க்கும் மகால் பழுது பார்த்த மகால். அதற்கு முன்னால் அது எந்தக் கோலத்தில் கிடந்தது என்பதற்கு டிரைப் ஒரு சாட்சி.

சென்னைக்குத் திரும்பியதும் இன்னொரு வேலை காத்திருந்தது. கிருஷ்ணா நதிக்கரை அமராவதியிலிருந்த பௌத்த ஸ்தூபத்தின் சுண்ணாம்புக்கல் சிற்பங்களை, முன்னே சொன்ன வால்டர் எலியட் 1845-இல் தோண்டி எடுத்துச் சென்னைக்கு அனுப்பியிருந்தார். அவை இங்கே வெகுகாலம் வெயிலிலும் மழையிலும் வெளியே கிடந்தன. 1858-இல் டிரைப் அவற்றைப் படம் பிடித்தார். மறு வருஷமே, 1859-இல், அவற்றில் நூற்றுக்கு மேற்பட்ட கற்கள் கப்பலேறி லண்டனுக்குப் போய்விட்டன. இன்று பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. அவை சென்னையில் இருந்த கடைசிக் கோலத்தை ஒரு வருஷ இடைவெளியில் காகிதம் பிடித்துக்கொண்டது.

இவ்வளவும் ஆன பிறகு இடி விழுந்தது. 1859 மார்ச்சில் ஸர் சார்லஸ் டிரெவெலியன் சென்னைக்குக் கவர்னராக வந்தார். நேர்மையானவர், உழைப்பாளி, செலவு என்ற சொல்லைக் கேட்டாலே முகம் சுளிப்பவர். கலகத்துக்குப் பிறகு கஜானா காலியாக இருந்தது. வந்த சில மாதங்களுக்குள்ளாகவே சர்க்கார் புகைப்படம் பிடிப்பது கஜானாவுக்கு ஒவ்வாத ஆடம்பரம் என்று சொல்லி நிறுத்தச் சொல்லிவிட்டார். ஓவியர்களை அனுப்புவதைவிட மலிவு என்று தொடங்கிய வேலை, நாலு வருஷத்துக்குள் ஆடம்பரமாகிவிட்டது! ஆட்களை அனுப்பினார்கள், சாமான்களை மூட்டை கட்டினார்கள். 1860-க்குள் எல்லாம் முடிந்தது. ராஜதானி முழுவதையும் படம் பிடிக்கும் யோசனை ஒரே ஒரு பெரிய சுற்றுப் பயணத்தோடு நின்றுபோயிற்று. அதன் பிறகு டிரைப் அந்த அளவில் காமிராவைத் தொடவே இல்லை. பட்டாளத்து வேலைக்குத் திரும்பி, பதவியில் உயர்ந்து, ஓய்வு பெற்று, ஊர் போய்ச் சேர்ந்தார்.

டிரெவெலியன் என்ன ஆனார் என்று கேட்பீர்கள். கல்கத்தா சர்க்கார் கொண்டுவந்த புது வரிகளை எதிர்த்து எழுதிய குறிப்புகளை அவர் பத்திரிகைகளிலே வெளியிட்டுவிட்டார். 1860-லேயே அவரையும் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். செலவைக் குறைப்பவருக்கு வரியும் பிடிக்காதது இயல்புதானே!

டிரைப்புக்குக் கிடைத்த அவகாசத்தைக் கணக்குப் பார்த்தால் சுமார் மூன்று வருஷம். அதில் ஊர் சுற்றியது நாலரை மாதம். கண்ணாடி முறையை நம் வெயிலுக்குப் பழக்கிக்கொள்வதற்காக அவர் ஒரே ஒரு வருஷம் ஒத்திப் போட்டிருந்தாலும், கோடைக்குப் பின் மழை, மழைக்குப் பின் குளிர்காலம் என்று போய், வண்டி பூட்டும் வேளையில் டிரெவெலியனின் உத்தரவு வாசலில் நின்றிருக்கும்.

காத்திருந்தவர்களுக்கும் ஒரு நியாயம் உண்டு. அதை மறைப்பது சரியல்ல. எட்மண்ட் டேவிட் லையன் என்ற இன்னொரு ஓய்வு பெற்ற காப்டன் 1867, 68-இல் கண்ணாடியைக் கொண்டு இதே கோயில்களைப் படம் பிடித்தார். தூணிலுள்ள சிற்பத்தின் விரல் நகம் வரையில் தெரிகிறது. அந்தப் பத்து வருஷத்தில் கண்ணாடிக்காரர்கள் நம் சூட்டைச் சமாளிக்கக் கற்றுக்கொண்டுவிட்டார்கள். பிறகு 1871-இல் உலர்ந்த கண்ணாடிக்கு வழி பிறந்தது. 1888-இல் ஈஸ்ட்மனின் கோடக் சுருள் பிலிமோடு வந்தது. 1900-இல் ஒரு டாலருக்குக் குழந்தைகள் கையிலும் பிரௌனி காமிரா வந்துவிட்டது. ஒவ்வொன்றும் முந்தியதைவிட நல்லதுதான். தெளிவு ஒன்றுதான் கேள்வி என்றால் லையன் பக்கம் தீர்ப்புச் சொல்ல எனக்குத் தடையில்லை. ஆனால் லையனின் கண்ணாடி எவ்வளவு நல்லதானாலும் அதில் அமரபுரத்து மிண்டோனின் அரண்மனை விழ முடியாது.

நம்முடைய சினிமா பிறந்த கதையிலும் இப்படி ஒரு வியாபாரம் நடந்தது. சென்னையில் மோட்டார் உதிரிச் சாமான் வியாபாரம் செய்துவந்த ஆர். நடராஜ முதலியாருக்குப் படம் பிடிக்கும் ஆசை வந்தது. தஞ்சாவூரில் மூப்பனார் என்ற பெரிய மிராசுதார் ஒருவர் சினிமாக் காமிரா வைத்திருந்தார். லண்டனில் வில்லியம்ஸன் கம்பெனி செய்தது. பிரதி எடுக்கும் இயந்திரமும் கூடவே. இரண்டையும் முதலியார் 1,800 ரூபாய் கொடுத்து வாங்கினார். ஒருவர் பழகின காமிரா. கையால் சுற்றுகிற காமிரா. சுற்றுவதில் வேகம் கூடினாலும் குறைந்தாலும் திரையில் பீமசேனன் ஓடுவான், அல்லது ஊர்வான். அதைக் கற்றுக்கொள்ளப் புனாவிலிருந்த ஸ்டூவர்ட் ஸ்மித் என்ற வெள்ளைக்காரரிடம் போனார். பிறகு புரசைவாக்கம் மில்லர்ஸ் ரோட்டில் ஸ்டூடியோ போட்டார். விளக்கு வசதி இல்லை. மேலே வெள்ளைத் துணியைக் கட்டிச் சூரிய வெளிச்சத்தைப் பதப்படுத்திக்கொண்டார். சென்னைச் சூடு பிலிம் கழுவ ஒவ்வாமல், அந்த வேலையைப் பெங்களூரிலே வைத்துக்கொண்டார். டிரைப்பைத் துரத்திய அதே வெயில்! இப்படியாக 1917-ஐ ஒட்டிய காலத்தில் தென்னிந்தியாவின் முதல் கதைப் படமான 'கீசக வதம்' வெளிவந்தது.

பேசும் படம் தமிழுக்கு வந்தது 1931-இல். பேசுகிற காமிரா வரட்டும் என்று முதலியார் பொறுத்திருந்தால் இன்னும் பத்துப் பதினைந்து வருஷம் உதிரிச் சாமான் விற்றிருப்பார். ஆனால், 'கீசக வத'த்தின் பிலிம் ஒரு அடிகூட இன்று இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டியதுதான்.

சுதந்திரம் வந்த பிறகு ஒரு முப்பது வருஷம் நம் தேசத்தில் இந்தப் பிரச்னையே எழவில்லை. 1957-இல் அந்நியச் செலாவணி முடை வந்து இறக்குமதிக்குக் கடிவாளம் போட்டபின், எந்த மாடல் என்று கேட்பாரில்லை, கிடைத்ததே மாடல். சிங்கப்பூரிலிருந்து மைத்துனன் கொண்டுவந்தால் ஒன்று. 1969-இல் கடற்கரைச் சாலைப் பக்கம் பர்மா பஜார் ஏற்பட்ட பிறகு அங்கே பேரம் பேசி வாங்கினால் ஒன்று. அந்தக் காமிராவைப் பீரோவிலே, நகைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துப் பூட்டுவார்கள். ஊட்டியில் சர்க்காரே பிலிம் தொழிற்சாலை வைத்து 'இந்து' என்ற பெயரில் சுருள் விற்றது. அந்தத் தொழிற்சாலையும் இப்போது மூடிக் கிடக்கிறது. என் தமக்கையின் கல்யாணப் படங்களைப் பிடித்தது அப்படிப்பட்ட ஒரு இரவல் காமிராதான். பிடித்தவர் பெரியப்பா. சுருளுக்குப் பன்னிரண்டு படம். ஆகவே தாலி கட்டும் வரையில் யாரையும் கண் சிமிட்டவிடவில்லை.

தஞ்சாவூர் மூப்பனார் பெயரை எடுத்ததும் தஞ்சாவூரில் நான் சொல்லாமல் விட்ட பாக்கி ஒன்று ஞாபகம் வருகிறது.

1858-ஆம் வருஷம் டிரைப் பெரிய கோயிலில் விமானத்தைப் பிடித்தார், நந்தியைப் பிடித்தார். அவற்றை யாரும் பிடிப்பார்கள். அதற்குப் பிறகு ஒரு விசித்திரமான காரியம் செய்தார். விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றிலும் கல்லிலே வெட்டியிருக்கும் எழுத்துக்களை, காமிராவைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி நகர்த்தி, துண்டு துண்டாகப் படம் பிடித்தார். பிற்பாடு 21 படங்களை ஒன்றோடு ஒன்று ஒட்டினார். சுமார் 19 அடி நீளமுள்ள ஒரே சுருள் ஆயிற்று. ஒவ்வொரு துண்டுக்கும் அந்தப் பெரிய பெட்டியை அளந்து நகர்த்த வேண்டும். வெயில் சாயும் கோணம் மாறினால் எழுத்து மறைந்துவிடும். ஒட்டும் இடத்தில் ஒரு எழுத்துக்கூடத் தப்பக் கூடாது. எலியட் துரை அதற்கு ஒரு முன்னுரை எழுதிக் கொடுத்தார்.

அந்த எழுத்துக்களிலே என்ன இருக்கிறது என்பது அப்போது வெளியுலகத்துக்குத் தெரியாது. அந்தக் கோயிலை யார் கட்டினார்கள் என்பதே நிச்சயமாகத் தெரியாத காலம். கரிகாலன் கட்டியதாகப் பலர் நம்பிக்கொண்டிருந்தார்கள். ராஜராஜன் என்ற பெயர், இன்றைக்கு நாவல் படிக்கும் ஒவ்வொரு வீட்டிலும் சொந்தக்காரன் பெயர் மாதிரி புழங்குகிறதே, அந்தப் பெயர் அன்றைக்குத் தஞ்சாவூரிலேயே வழக்கில் இல்லை. 1886-இல் ஹுல்ஷ் என்ற ஜெர்மன் பண்டிதரைச் சென்னை சர்க்கார் கல்வெட்டு ஆராய்ச்சியாளராக நியமித்தார்கள். அவர் கோயில் கல்வெட்டுகளைக் காகிதத்தில் படி எடுத்துப் படித்து, 1891-இல் தென்னிந்தியக் கல்வெட்டுகளின் இரண்டாம் தொகுதியில் முதல் பகுதியை வெளியிட்டார். கோயிலைக் கட்டியவன் ராஜராஜன் என்பது சந்தேகத்துக்கு இடமில்லாமல் வெளிப்பட்டது. தான் கொடுத்ததையும், தன் அக்கை குந்தவை கொடுத்ததையும், தன் தேவியரும் மற்றவர்களும் கொடுத்ததையும் கல்லிலே வெட்டும்படி அந்த மகாராஜா தன் வாயாலேயே உத்தரவிட்டிருந்தது, ஆட்சியின் 26-ஆம் ஆண்டில் 20-ஆம் நாள் என்ற தேதியோடு கிடைத்தது. அதற்கு முந்திய ஆண்டிலே, 275-ஆம் நாள், விமானத்துக்குப் பொன் தகடு போர்த்த குடம் கொடுத்ததும் எழுதியிருந்தது.

அப்போது டிரைப் டெவன்போர்ட்டில் உயிரோடு இருந்தார். வயது 69. கடற்கரைக்குப் பக்கத்தில், கிளிஞ்சல்களைச் சேர்த்து வகைப்படுத்திக்கொண்டு, ஓய்வாகக் காலம் கழித்தார். இன்னும் பதினொரு வருஷம், 1902 வரையில், இருந்தார். ஹுல்ஷின் புத்தகம் அந்த வீட்டு வாசலுக்கு வந்திருந்தால், முப்பத்துமூன்று வருஷத்துக்கு முன்னால் தாம் ஒரு எழுத்தும் படிக்கத் தெரியாமல், ஒரு எழுத்தும் தப்பாமல், 19 அடி நீளத்துக்குப் பிடித்து வைத்தது யாருடைய பேச்சு என்று கிழவருக்குத் தெரிந்திருக்கும்.